பத்தைத் தொட மறுத்த பீட்ரூட்

என் அக்காவுக்குச் சிவப்பு ஆகாது. சேலையில் ஆகாது, பூவில் ஆகாது, பொட்டுகூடக் கறுப்புதான். காரணம் அவள் பார்க்கும் வேலை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில் இருக்கும் சலவைக்கூடத்தில் பதினோரு வருடமாக இருக்கிறாள். மேலே ஆறு மாடிகளிலிருந்தும் தள்ளுவண்டியில் வந்து இறங்கும் விரிப்புகளைத் தரம் பிரித்து இயந்திரத்துக்கு அனுப்புவது அவள் பொறுப்பு. கையுறைக் கையால் ஒரு முனையைப் பிடித்து ஓர் உதறு உதறினால் போதும். இது ரத்தம், இது மருந்து, இது யாரோ கைதவறிக் கொட்டிய பழச்சாறு என்று சொல்லிவிடுவாள். நேற்றைய ரத்தமா, இன்று காலை ரத்தமா என்பதுகூடத் தெரியும். ரத்தம் என்றால் முதலில் பச்சைத் தண்ணீர். யாராவது அவசரப்பட்டு வெந்நீரில் போட்டுவிட்டால் அன்று முழுக்கத் திட்டு விழும். "அது இனிமே துணியை விட்டுப் போகாது, குடித்தனம் பண்ண வந்துடுச்சு" என்பாள்.

அப்படிப்பட்டவளுடைய தட்டில்தான் ஏழு வாரம், ஒருநாள் விடாமல், நான் பீட்ரூட்டை வைத்தேன்.

"எட்டு மணி நேரம் கீழ இதையேதான்டா பாக்கறேன். வீட்டுக்கு வந்தா தட்டுலயும் இதேவா?"

"சாப்பிடுக்கா. உனக்குப் பத்து வேணும்."

பத்து என்பது ரத்தத்தின் அளவு. அக்காவின் கர்ப்பப்பையில் கட்டி இருந்தது. இரண்டு வருடமாக மாதத்தில் பாதி நாள் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. படிகள் ஆறு இடத்தில் திரும்பும். முதலில் நான்காவது திருப்பத்தில் ஒருமுறை நின்றாள். பிறகு மூன்றாவதில். ஒருநாள் முதல் திருப்பத்திலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத்தான் அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். 

ஆபரேஷன் செய்யவேண்டும், ஆனால் ரத்தம் எட்டுப் புள்ளி இரண்டுதான் இருக்கிறது, குறைந்தது பத்து இல்லாமல் மேசையில் ஏற்ற மாட்டோம் என்றார் டாக்டர். ஏழு வாரம் கழித்து ஒரு தேதி கொடுத்தார். அதற்குள் பத்து வராவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மறுதேதிக்கு மூன்று மாதம் காத்திருக்கவேண்டும். அந்த ஆஸ்பத்திரித் துணியைத் துவைக்கிறவளாக இருந்தாலும் வரிசை வரிசைதான். இரும்புச்சத்து மாத்திரை தினம் இரண்டு எழுதினார். "கீரை, காய்கறி நிறைய சேத்துக்கங்க" என்றார். 

அக்கா பெருமையாக என்னைக் காட்டினாள். "இவன் என் தம்பி, டாக்டர். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. எல்லாம் அவன் பாத்துப்பான்."

இங்கே என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லவேண்டும். எங்கள் குடும்பத்தில் கையெழுத்தைத் தாண்டி எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, கல்லூரிக்காக அக்கா வீட்டில் வந்து தங்கினேன். பட்டம் வாங்கியபின் ஒரு பார்சல் அலுவலகத்தில் வேலை கிடைத்தது, இன்னும் அதே வீடுதான். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் மாமா, அதாவது அக்காவின் கணவர், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டே நான் கேட்டதில்லை. "டிகிரி" என்பார். கேலியில் பாதி, மரியாதையில் பாதி. மரியாதைப் பாதியை மட்டும் நான் எடுத்துக்கொள்வேன்.

ஆகவே அன்று மாலையே பொறுப்பைக் கையில் எடுத்தேன். மருந்து கொடுத்த இடத்தில் மாத்திரைகளோடு ஒரு தாளும் கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் பொடி எழுத்தில் என்னவோ அச்சடித்திருந்தது, மறுபக்கம் வெறுமை. நல்ல வழவழப்பான தாள். வெறும் பக்கத்தில் அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டேன். இரண்டு நிற மை. ஒருபக்கம் கிழமை, இன்னொருபக்கம் மாத்திரை, நடுவில் பீட்ரூட். அக்கா மாத்திரையை மறந்துவிடக்கூடாது என்பதற்காக, அவள் உயிரே போனாலும் மறக்காத ஒன்றோடு அதைச் சேர்த்து முடிச்சுப் போட்டேன். காலை டீயோடு ஒன்று, மாலை டீயோடு ஒன்று. பசை தடவி, அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டினேன். 

மாமா தலையைச் சாய்த்துப் பார்த்தார். "எங்க டிப்போவுல பஸ் நேரம்கூட இவ்வளவு அழகா எழுதமாட்டாங்க டிகிரி."

"பஸ் வராது மாமா, இது வரும்."

பீட்ரூட்டை ஏன் பிடித்துக்கொண்டேன் என்று இப்போது கேட்டால் எனக்கே சிரிப்பு வருகிறது. சிவப்பாக இருந்தது, ரத்தம் சிவப்பு, அவ்வளவுதான். வேதியியல் படித்தவன் போட்ட கணக்கு இது. 

முதல் நாள் தோலைச் சீவி, துண்டு துண்டாக வெட்டி, நிறையத் தண்ணீர் ஊற்றி வேகவைத்தேன். தண்ணீர் ரத்தச் சிவப்பாகியது. அதை வடித்துக் கொட்டிவிட்டுத் துண்டுகளில் உப்பு தூவிக் கொண்டுபோய் வைத்தேன். அக்கா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள்.

"சாயம் போன துணி மாதிரி இருக்கேடா. சத்தெல்லாம் சாக்கடைக்கு ஊத்திட்டு எனக்குச் சக்கையா?"

மூக்கு உடைந்ததுதான் மிச்சம். அடுத்த நாள் தோலையும் சீவவில்லை, வாலையும் வெட்டவில்லை. தண்டில் இரண்டு விரற்கடை விட்டு, மண் போகக் கழுவி, முழுசாகக் குக்கரில் போட்டேன். ஐந்து விசில். ஆறவைத்துக் குழாயடியில் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினால் தோல் சட்டை கழற்றுவதுபோல் கழன்று வந்தது. உள்ளே நிறம் அப்படியே இருந்தது. வட்டமாக நறுக்கி, மிளகுத்தூளும் எலுமிச்சைச் சாறும் விட்டேன். எனக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை.

"எப்படிக்கா?"

"மழை பேஞ்ச வயல நக்கின மாதிரி இருக்கு."

மூன்றாவது, துருவல். துருவியபோது சுவர், அடுப்பு, என் வெள்ளைச் சட்டை எல்லாவற்றிலும் தெறித்தது. வெங்காயமும் பூண்டும் வதக்கி, துருவலைப் போட்டு, மூடாமல் அதிகத் தீயில் கிளறினால் தண்ணீர் சுண்டி மண்வாசம் குறைகிறது, மூடிவைத்தால் கூழாகிறது. இதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் கூழ் தின்றோம். நான்காவது, சுடுவது. கனமான இரும்புச் சட்டியில் முழுக் கிழங்கை வைத்து, மூடி போட்டு, சின்னத் தீயில் ஒன்றேகால் மணி நேரம். வெளியே கரிக்கட்டையாகவும் உள்ளே வெல்லம்போலவும் இருந்தது. அதுதான் ருசியில் முதல் என்று இன்றும் சொல்வேன். ஆனால் மாமா கேஸ் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒரு கிழங்கு வேகறதுக்குள்ள ஒரு இன்ஜினையே பிரிச்சு மாட்டிடலாம்."

தயிரில் கலந்தபோது வந்த ரோஜா நிறத்தைப் பார்த்து, "குழந்தைங்க சட்டைக்கு ஆகும், சோத்துக்கு ஆகாது" என்றாள் அக்கா. சூப் வைத்தேன், அதை எதுவும் சொல்லாமல் குடித்தாள், குடித்துவிட்டு நீண்டநேரம் ஜன்னலையே பார்த்தாள். அவள் தானாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது ஒன்றே ஒன்று, இலை. கிழங்கோடு வரும் இலையையும் தண்டையும் பொடியாக நறுக்கிப் பூண்டு போட்டு வதக்கியது. கடைக்காரர் பிய்த்து எறிவதை நான் இலவசமாகப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். 

மீந்ததையெல்லாம் சாப்பிட்டது மாமா. ஒருநாள் காலையில் குளியலறையிலிருந்து அவர் அலறினார்.

"ஏய்! இங்க வா! ஐயோ... டிகிரியைக் கூப்பிடு! எனக்கு என்னமோ ஆயிடுச்சு, ரத்தமா போகுது!"

அக்கா அடுப்படியிலிருந்து நகரவே இல்லை. "எப்படி இருக்கு? கொழகொழன்னா, தண்ணியாவா?"

"தண்ணியாத்தான்! ரோஸ் கலர்!"

"ஓரம் கறுப்பா இருக்கா?"

"இல்ல!"

"அப்ப அது ரத்தம் இல்ல. நேத்து நீங்க மூணு கிண்ணம் குடிச்ச சூப்பு. தண்ணி ஊத்திட்டு வெளிய வாங்க, பஸ் போயிடும்."

அந்த வீட்டில் நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்தது அந்த ஏழு வாரத்தில் அந்த ஒருநாள்தான்.

நான்காவது வாரம் ரத்தம் சோதித்தார்கள். எட்டுப் புள்ளி ஒன்று. 

கூடவில்லை என்றால்கூடப் பொறுத்திருப்பேன், குறைந்திருந்தது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேறு யாருடையதோ என்று பெயரைச் சரிபார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன்.

"நீ சாப்பிடறதே இல்ல. மதியம் கட்டிக் குடுக்கறத அங்க கொட்டிடறே."

"கொட்டலடா."

"அப்புறம் எப்படிக் குறையும்? நாலு வாரம் பொம்பளை மாதிரி அடுப்படியில நிக்கறேன்!"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பொம்பளை நாலு வாரமாவா நிக்கறா?" என்று மட்டும் கேட்டாள். 

அதோடு நான் அடங்கியிருக்கவேண்டும். நானோ மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் சலவைக்கூடத்துக்குப் போனேன், கையும் களவுமாகப் பிடிக்க. சரிவுப்பாதையில் இறங்கும்போதே ஈர வெப்பம் முகத்தில் அடித்தது. ஆள் உயர இயந்திரங்கள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. இந்தப்பக்கம் அழுக்கு, அந்தப்பக்கம் வெளுப்பு, நடுவில் தரையில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு அந்தப்பக்கம், விரிப்பு மடிக்கும் மேசையின் ஓரத்தில், அக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நான் கட்டிக்கொடுத்த டப்பா மடியில் இருந்தது. இடது கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஒவ்வொரு துண்டாக வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். போடும்போது கண்ணை மூடிக்கொண்டாள். கடைசித் துண்டு வரை. பிறகு டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, ஒட்டியிருந்த சாற்றையும் குடித்தாள்.

பக்கத்தில் இஸ்திரி போடும் அம்மா என்னைப் பார்த்துவிட்டார். "தம்பிதானே நீங்க? என்னத்தப்பா கட்டிக்குடுக்கறீங்க, தினமும் இவ படற பாடு! ஒரு துண்டு எங்களுக்குத் தாடின்னா தரமாட்டா. என் தம்பி கணக்குப் போட்டு வச்சிருக்கான், ஒண்ணு குறைஞ்சாலும் தப்பாயிடும்னு சொல்லுவா."

அக்கா திரும்பினாள். என்னைப் பார்த்ததும் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள். நான் "சும்மா இந்தப்பக்கம் வந்தேன்" என்று எதையோ உளறிவிட்டுத் திரும்பினேன். 

அதற்கப்புறம் இன்னும் வெறியாகச் சமைத்தேன். கோபம் யார்மேல் என்று தெரியாவிட்டால் கிழங்கின்மேல்தான் காட்டமுடியும். விரல் நுனிகள் சிவந்தே கிடந்தன. அலுவலகத்தில் யாரையோ குத்திவிட்டு வந்தவன்போல் என்னைப் பார்த்தார்கள். 

ஏழாவது வாரம், தேதிக்கு இரண்டு நாள் முன்னால், கடைசிச் சோதனை. எட்டுப் புள்ளி நான்கு. 

தேதி போய்விட்டது. ரத்தம் எடுக்கும் சிஸ்டர்தான் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுக்கப்போனவர், என்ன நினைத்தாரோ, அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"மாத்திரை ஒழுங்கா போட்டீங்களா?"

"ஒரு வேளை விடலம்மா."

"எப்படிப் போடறீங்க? எது கூட?"

"டீ கூட."

சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். "டீ கூடவா? டீயும் மாத்திரையும் சேந்தா இரும்பு உடம்புல ஒட்டவே ஒட்டாதேம்மா. வந்த வழியே போயிடும். முன்னப்பின்ன ஒரு மணி நேரமாவது விடணும்னு தாள்ல போட்டிருக்கே, படிக்கலையா? யாரு உங்களுக்கு டீயோட போடச் சொன்னது?"

டீயில் இருப்பது டானின். டானினும் இரும்பும் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கறுத்துப்போகும். பழைய காலத்து எழுத்து மையே அதுதான். இரண்டாம் ஆண்டு ஆய்வகத்தில் சோதனைக்குழாயில் நானே அதைச் செய்து, பதிவேட்டில் படம் வரைந்து, பத்துக்கு ஒன்பது வாங்கியிருக்கிறேன். 

"யாரும் சொல்லலம்மா" என்றாள் அக்கா. "எனக்கே தோணுச்சு. படிக்காத ஜென்மம்தானே."

நான் வாயைத் திறக்கவேண்டிய நேரம் அது. திறக்கவில்லை. 

"பீட்ரூட்டுகூட தினமும் சாப்பிட்டேன்" என்று சேர்த்துக்கொண்டாள். 

"அது நல்லதுதான். ஆனா நிறத்தப் பாத்து ஏமாறாதீங்க, அதுல இருக்கற இரும்பு கொஞ்சம்தான். மாத்திரைதான் வேலை செய்யணும். எலுமிச்சைத் தண்ணி கூட போடுங்க."

வீட்டுக்கு வந்து படியேறினோம். முதல் திருப்பத்தில் அக்கா நின்றாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். 

"ஏன்க்கா பொய் சொன்னே?"

"அந்தம்மா முன்னாடி உன்ன எதுக்குடா தலைகுனிய வைக்கணும்?" பிறகு, நான் அதுவரை கேட்டிராத குரலில் கத்தினாள். "ஆனா இன்னும் மூணு மாசம்டா! இந்தப் படியை மூணு மாசம் நான்தான் ஏறணும், நீ இல்ல! நின்னுக்கிட்டே வேலை செய்யறேன், கால் வழியா ஓடுது, யாருக்கும் தெரியக்கூடாதுன்னு கட்டை மாதிரி விறைச்சு நிக்கறேன். நீ எழுதி ஒட்டினேன்னுதானே கடிகாரம் பாத்து அப்படியே செஞ்சேன்? மாத்திரையோட குடுத்த தாள் எங்க?"

எங்கே என்று எனக்குத் தெரியும். 

மேலே போனதும் அடுப்புக்கு மேலிருந்த அட்டவணையை நகத்தால் நெம்பினேன். அழுத்தமாகப் பசை தடவியிருந்தேன். பட்டை பட்டையாகக் கிழிந்து வந்தது. ஒரு துண்டின் பின்பக்கத்தில் சுண்ணாம்போடு சில வார்த்தைகள் மட்டும் தப்பியிருந்தன. 'டீ, காபி, பால் ஆகியவற்றுடன்' என்பது வரை. மீதியைச் சுவர் வைத்துக்கொண்டது. ஏழு வாரமாக அந்த எழுத்துகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன. அதெல்லாம் தெரியாதவர்களுக்கு அச்சடிப்பது என்று நினைத்துத்தான் நான் அதைப் படிக்கவில்லை. 

மாமா கிழிந்த துண்டை வாங்கிப் பார்த்தார். அன்று அவர் என்னை டிகிரி என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. 

புதிதாக நான் எதையும் எழுதி ஒட்டவில்லை. அக்காவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். சலவைக்கூடத்தில் முதல் இயந்திரம் ஓடத் தொடங்கும்போது எலுமிச்சைத் தண்ணீரோடு ஒரு மாத்திரை. அந்தச் சுற்று முடிய ஒரு மணி பத்து நிமிடம் ஆகும், முடிந்தபிறகுதான் டீ. சாயங்காலமும் அதேபோல. டீயைத் தள்ளிப்போட்டதில் முதல் வாரம் முழுக்க எல்லோர்மேலும் எரிந்து விழுந்தாள். எனக்குக் கொஞ்சம் கூடுதல் பங்கு. 

ஆறு வாரத்தில் ஒன்பது புள்ளி மூன்று. அன்று நான் சிஸ்டரிடம் போய், "டீயோட போடச் சொன்னது நான்தான் சிஸ்டர், எழுதி ஒட்டினேன்" என்றேன். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்துப் போயிருந்தேன். அவர் என்னை அடையாளம்கூடக் கண்டுகொள்ளவில்லை. "எந்த டீ? தள்ளி நில்லுங்க, பின்னாடி ஆள் நிக்கறாங்க" என்றார். மன்னிப்புக்குக்கூட எனக்கு வரிசை கிடைக்கவில்லை. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். 

பீட்ரூட்டை நான் நிறுத்தவில்லை. வாரம் இரண்டு நாள், இலையோடு. கிழங்கு மாமாவுக்கு, இலை அக்காவுக்கு. பிராயச்சித்தமா என்று கேட்டார் மாமா. பழக்கம் என்றேன். "டிகிரிக்குப் பதில் வருது பாரு" என்றார். இரண்டு மாதத்துக்குப்பின் அந்தச் சொல்லைக் கேட்டேன். 

மறுதேதிக்கு முன் எடுத்தபோது பத்துப் புள்ளி மூன்று. அன்று படியேறும்போது அக்கா நான்காவது திருப்பம் வரை நிற்கவில்லை. நான்காவதில் நின்று, "இங்க நிக்கறது வழக்கமாயிடுச்சு, அதான்" என்றாள். 

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம் அவளைச் சேர்த்தோம். ஐந்தாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். உட்காருவதற்கு முன் விரிப்பின் ஓரத்தைத் தூக்கி மடிப்புத் தையலைப் பார்த்தாள். "நம்ம துணிதான். திங்கக்கிழமை வெளுத்தது" என்றாள். பிறகுதான் உட்கார்ந்தாள். 

ஐந்து மணிக்குச் சாப்பாட்டு வண்டி வந்தது. தட்டின் மூடியைத் திறந்தேன். சோறு, பருப்பு, பக்கத்தில் வட்டமாக நறுக்கிய நான்கு துண்டு. பீட்ரூட். தோலைச் சீவி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டியது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. 

அக்கா தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். 

"இதுக்கும் நீதான் எழுதிக் குடுத்தியா?"

"சத்தியமா இல்லக்கா."

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டை எடுத்தாள். பாதி வழியில் அது வழுக்கி விரிப்பில் விழுந்தது. வெள்ளையில் ஒரு ரூபாய் அளவு சிவப்பு பரவியது. அக்கா துள்ளி எழுந்தாள், மறுநாள் ஆபரேஷன் என்பதே மறந்துபோய்.

"ஐயையோ! தேய்க்காதடா, தேய்க்காத! பச்சைத் தண்ணி கொண்டா! காலைல இத மத்த துணியோட மூட்டை கட்டிடுவாங்க. ரத்தம்னு நெனச்சு வேற பக்கம் போடுவாங்க. கீழ போய் இஸ்திரியம்மாகிட்டச் சொல்லு, இது பீட்ரூட்டுன்னு சொல்லு!"

"நீ படுக்கா, நான் எழுதி வைக்கறேன்."

"எழுதாத!" என்றாள் அக்கா. "நேராப் போய் வாயால சொல்லிட்டு வா."

ஐந்து மாடியும் படியிறங்கிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.